ஆற்றுச் சத்தத்தைக் காணோம்

அடிவாரத்துச் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் தமயந்தி தன் பக்கத்துக் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டாள். மலைக்காற்று வந்து முகத்தில் அறைந்தது, துப்பட்டா பறந்து பின்சீட்டுக்குப் போனது, காதுக்குள் காற்று இரைய ஆரம்பித்தது. அப்பாடா என்றிருந்தது. இரையட்டும், எவ்வளவு இரைகிறதோ அவ்வளவு நல்லது. "ஏசி போட்டிருக்கேன் மேடம், கண்ணாடிய ஏத்திக்கிறீகளா?" என்றார் ஓட்டுநர் லூர்துசாமி. வேண்டாம் அண்ணே, காற்று நன்றாக இருக்கிறது என்றாள். அவர் ஏசியை அணைத்தார். ஒரு சத்தம் குறைந்துவிட்டதே என்று இவளுக்குத் திக்கென்றது, அப்புறம் இன்ஜின் இருக்கிறது, டயர் இருக்கிறது, எதிரே வரும் லாரியெல்லாம் இருக்கிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஏற்றம் தொடங்கும் இடத்தில் கருப்பசாமி அரிவாளோடு நின்றார். லூர்துசாமி வண்டியை மெதுவாக்கி, கையை வெளியே நீட்டி, தகரத் தட்டில் சில்லறை எறிந்தார். டாஷ்போர்டில் மாதா சிரித்துக்கொண்டிருந்தாள். இவள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "மாதா ஊருக்குள்ள பாத்துக்கிருவாக மேடம், மலை இவரு எல்லை. அவுகளுக்குள்ள ஒரு தகராறும் கெடையாது, நம்மளுக்குத்தான்" என்றார். தட்டில் விழுந்த காசின் ணங் சத்தம் சுத்தமாகக் கேட்டது. அதைப் போனமுறை வந்தபோதே பதிந்தாயிற்று. இப்போது சென்னையில், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில், இவள் வேலை பார்க்கும் கேம் கம்பெனியில், எவனாவது பொத்தானைத் தட்டினால் இந்தக் கருப்பசாமிக்கு இதே காசு விழும். பஸ் ஓட்டும் கேம். இந்தப் பன்னீர்க்காட்டு மலைப்பாதைதான் அதற்குப் புதிய மேப். பாதையைப் படம் பிடிக்க மூன்று பேர், அதன் சத்தத்தைப் பிடிக்க இவள் ஒருத்தி என்று ஆடி மாதம் ஒரு வேன் நிறைய வந்துபோனார்கள். இப்போது இவள் மட்டும் தனியாக, மடியில் பதிவுக் கருவிப் பையோடு, திரும்ப வந்திருக்கிறாள். ஏன் வந்தாள் என்றால், ஆற்றைக் காணோம்.

போன வாரம் இர்ஃபான்தான் அப்படிச் சொன்னான். சவுண்டுக்கு அவன்தான் பொறுப்பு, இவளோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன், திட்டுவதற்கு முன் டீ வாங்கிக் கொடுக்கிற சாதி. "தமயந்தி, பதினோராம் வளைவுல ஆத்தக் காணோம்பா. படத்துல நொரை தள்ளிட்டு ஓடுது, சத்தமே இல்ல. ஆத்துக்கு என்ன, தொண்டை கட்டிக்கிச்சா?" என்றான். அவன் குறிப்பிட்டது அந்த வளைவின் 'சும்மா'வை. எங்கே போனாலும் இவர்கள் கூட்டம் ஒரு காரியம் செய்யும்: எல்லோரும் வாயை மூடிக்கொண்டு, செல்போனை அணைத்து, இருமல் வந்தால் அடக்கிக்கொண்டு நிற்க, அந்த இடம் தானாக என்ன சத்தம் போடுகிறதோ அதை ஒரு நிமிடம் பதிந்துகொள்வது. அதற்கு ஆபீசில் சும்மா என்று பெயர். டீக்கடைச் சும்மா, சாவடிச் சும்மா. பஸ்ஸை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தால் விளையாடுகிறவன் காதில் விழுவது அதுதான், அது சரியில்லை என்றால் எவ்வளவு அழகாக மரம் வரைந்து வைத்தாலும் அட்டையில் வெட்டிய மரம் என்று தெரிந்துவிடும். இவள் எடுத்து வந்த சும்மாக்களில் பறவை இருந்தது, இலை இருந்தது, தூரத்தில் ஒரு பெண் ஆட்டைத் திட்டுவதுகூட இருந்தது. சுள்ளியாறு மட்டும் இல்லை. தூரத்தில் ஏறும் லாரிகள் இல்லை. கனமாக, அடியில் ஓடுகிற எதுவும் இல்லை. தரையை உருவிவிட்டுக் காட்டை அந்தரத்தில் தொங்கவிட்டதுபோல இருக்கிறது என்று இர்ஃபான் சொன்னான். இவள் மைக் கோளாறு என்றாள். போய்த் திரும்ப எடுத்து வருகிறேன் என்றாள். அவன் முகத்தைப் பார்க்காமல் டீக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

ஆற்றை வெட்டியவள் இவளேதான். அதுவும் வேண்டுமென்றா வெட்டினாள்? ஆடி மாதம் திரும்பியதும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், அந்தப் பதிவு முழுக்க, பறவைக்கு அடியில், இலைக்கு அடியில், எங்கோ ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. யார் தோட்டத்திலோ தண்ணீர் இறைக்கிற மோட்டார், நிறுத்தாமல், மூச்சு விடாமல். காட்டுக்குள் எவன் மோட்டார் வைத்தான் என்று எரிச்சலாக வந்தது. சரி, வெட்டிவிடலாம் என்று கொஞ்சம் வெட்டினாள். இருந்தது. இன்னும் கொஞ்சம் வெட்டினாள். அப்போதும் இருந்தது. சத்தத்தைக் கோடு கோடாகக் காட்டும் திரை முன்னால் ஒளிர்ந்துகொண்டுதான் இருந்தது, மோட்டார் என்று ஒன்று உண்மையில் அதில் பதிவாகியிருந்தால் பளிச்சென்று நேர்கோடாகத் தெரிந்திருக்கும், அப்படி ஒரு கோடும் இல்லை. ஆனால் கோட்டைப் பார்த்து வேலை செய்கிறவர்கள் கத்துக்குட்டிகள் என்பது இவளுடைய கட்சி. கல்லூரியில் இவளுக்கு நாய்க்காது என்று பெயர், அந்தப் பெயரில் இவளுக்குக் கொள்ளைப் பெருமை. நாய்க்காது கண்ணை மூடிக்கொண்டு வெட்டியது. வெட்ட வெட்ட மோட்டார் ஓடியது. கடைசியில் வெட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போனபோது ஆறும் போயிருந்தது, லாரிகளும் போயிருந்தன, மோட்டார் மட்டும் அப்படியே இருந்தது. அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டாமா? தெரிந்தது. தெரிந்ததும் எழுந்து போய்ப் புது ஹெட்போன் வாங்கினாள். அப்புறம் ஒயரை மாற்றினாள். அப்புறம் பதிவுக் கருவியையே மாற்றினாள். காதைத் தவிர எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தாயிற்று.

அதற்கு ஒரு சோதனை உண்டு. சின்னப் பிள்ளையும் செய்யும். இரண்டு விரலையும் எடுத்து இரண்டு காதிலும் இறுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். வெளியிலிருந்து வருகிற சத்தம் என்றால் அடங்கும். உள்ளே இருக்கிற சத்தம் என்றால் அடங்காது, கூடும். அவ்வளவுதான், விரல் கையிலேயே இருக்கிறது, காது தலையிலேயே இருக்கிறது, நடுவில் ஒரு முழ தூரம்கூட இல்லை. மூன்று மாதமாக அந்தத் தூரத்தைத் தமயந்தி கடக்கவில்லை. தலைக்குக் குளிக்கும்போது காதுப் பக்கம் கையைக் கவனமாகக் கொண்டு போகிறாள். தலையணையில் காதை அமுக்கிப் படுப்பதில்லை, மல்லாந்தே தூங்கப் பழகிவிட்டாள். மார்கழிக் குளிரானாலும் மின்விசிறி ஓட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாள், இப்போதுதான் ஐப்பசி. பக்கத்துப் படுக்கைக்காரி, விடுதியில் அறையைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கும் பெண், உனக்கு என்ன உடம்பெல்லாம் எரிகிறதா என்று கேட்டுவிட்டாள். ஆமாம் என்று இவள் சொல்லிவிட்டாள். காதுக்குள்ளேயே இரைச்சல் கேட்கிற கோளாறு ஒன்று உண்டு, நாலு பேரில் ஒருவருக்கு எப்போதாவது வரும், அதற்கு வைத்தியர் இருக்கிறார் என்று படித்தும் விட்டாள். படித்த பிறகு பயம் குறையவில்லை. பயம் வேறு பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டது. அந்தப் பக்கம் அம்மா இருந்தாள்.

அம்மா சீனியம்மாளுக்கு மோட்டார் கேட்க ஆரம்பித்தபோது தமயந்தி சென்னையில் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா இல்லை. ஊரில் அண்ணன் மகேந்திரனும் மதினியும் அம்மாவும். "அந்த மோட்டார யாராச்சும் நிறுத்துங்களேம்ப்பா" என்று முதலில் பொதுவாகத்தான் சொன்னாளாம், கரண்டு வீணாகப் போகிறதே என்கிற ஆதங்கத்தில். எந்த மோட்டார் என்று கேட்டால் ஒச்சப்பன் தோட்டத்துப் பக்கம் கையைக் காட்டுவாள். ஒச்சப்பன் வீட்டில் போய், ராத்திரியெல்லாம் ஓட விடாதீர்கள், கிணறு வற்றிவிடும் என்று நல்லபடியாகச் சொல்லிப் பார்த்தாள். அவர்கள், நாங்கள் போடவே இல்லையே என்றார்கள். பொய் சொல்கிறார்கள் என்று அம்மாவுக்குத் தோன்றாமல் என்ன செய்யும்? அவளுக்குத்தான் கேட்கிறதே. ஒருநாள் விடியற்காலையில் தானே மோட்டார் ரூமுக்குப் போய்ப் பீஸ் கட்டைகளைப் பிடுங்கிக்கொண்டு வந்து அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்துவிட்டாள். பழுக்கிற சமயத்தில் திராட்சைக் கொடிகளுக்குத் தண்ணீர் இல்லாமல் போயிற்று. பீஸ் கட்டையைத் தேடித் தேடி ஒச்சப்பன் குடும்பம் வேலைக்காரர்களை அடித்தது. மதினி அரிசி அளக்கப் போய்க் கையில் பீங்கான் தட்டுப்பட்டதும்தான் விஷயம் வெளியே வந்தது. ஊர் கூடியது. அத்தனை பேருக்கும் நடுவில் நின்று அம்மா கேட்டாளாம், "பிடுங்குன பெறகும் ஓடுதே, வேற எங்க வச்சிருக்கீக?" என்று. ஊர் அப்போது ஏசுவதை நிறுத்திவிட்டதாம். ஏசாமல் கலைந்து போனதாம். மதினி போனில் இதைச் சொல்லும்போது அந்த இடத்தில் அழுதாள்.

லூர்துசாமி ஹாரன் அடித்து ஒரு வளைவைத் திருப்பினார். டிக்கியில் ஏதோ உருண்டது. மேகம் இறங்கிக்கொண்டிருந்தது, மூன்று மணிக்கே விளக்குப் போட்டுக்கொண்டு பஸ்கள் வந்தன. தமயந்தி வளைவு எண் எழுதிய மஞ்சள் பலகைகளைப் பார்க்காமல் இருக்க முயன்றாள், பலகைகள் என்னவோ இவளைப் பார்த்துக்கொண்டுதான் போயின. ஏழு. எட்டு. கேமில் இந்தப் பாதை இவ்வளவு நீளம் கிடையாது. நிஜத்தில் ஒன்றரை மணி நேரத்து ஏற்றத்தைப் பத்து நிமிடத்துக்குள் அடக்கிவிட்டார்கள், ஒரே மாதிரி இருந்த வளைவுகளை எல்லாம் தூக்கிவிட்டார்கள், விளையாடுகிறவனுக்கு அலுப்புத் தட்டக்கூடாதாம். இந்த ஒன்பதாம் வளைவு, இதோ இந்தப் பலாமரம், அதன் அடியில் நிற்கிற தண்ணீர்த் தொட்டி எதுவும் மேப்பில் இல்லை. எட்டிலிருந்து நேரே பதினொன்று. அங்கே இருந்தால் இந்நேரம் வந்து சேர்ந்திருப்பாள், எல்லாம் முடிந்திருக்கும். நிஜம் இன்னும் இரண்டு வளைவு மிச்சம் வைத்திருந்தது, அதற்காக இவள் அதைக் கையெடுத்துக் கும்பிடத் தயாராக இருந்தாள். "டீ சாப்டுவோமாண்ணே?" என்றாள். இப்போதுதானே குடித்தோம் என்று அவர் சொல்லவில்லை, ஆனால் முகம் சொன்னது. பத்தாம் வளைவுக் கடையில் நிறுத்தினார். பாய்லர் கொதித்தது, ரேடியோ பாடியது, ஒரு குரங்கு தகரக் கூரையில் தடதடவென்று ஓடியது, நல்ல கடை, சத்தமான கடை. இவள் இன்னொரு டீ சொன்னாள். அதற்கப்புறம் வடை ஒன்று வாங்கி அதையும் மெதுவாகத் தின்றாள். கடைக்காரர் ரேடியோவைக் கொஞ்சம் குறைத்தபோது, "இருக்கட்டும்ணே, கூட்டியே வைங்க" என்று இவள் சொன்னதில் அவருக்கு ஒரே குஷி.

பதினோராம் வளைவு வந்தது. "இங்கனதான மேடம்?" என்று லூர்துசாமி வேகத்தைக் குறைத்தார். கொஞ்சம் மேலே போய்ப் பார்க்கலாம் என்றாள். மேலே போனார்கள். அங்கே ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தார்கள். இறங்கி வரும்போது எதிரே ஒரு கல்யாண வேன் வந்தது, அது போகட்டும் என்று தாண்டிப் போகச் சொன்னாள். "ரெண்டு தடவ தாண்டியாச்சு மேடம்" என்றார் அவர், குறை சொல்லாமல், தகவல் சொல்வதுபோல. அந்த இரண்டு தடவைக்குள்ளும் இவள் மனசு ஒரே இடத்தில் சுற்றியது. பொத்திப் பார்த்து அடங்கிவிட்டது என்று வை, அப்போது நான் தப்பித்தேன், எங்கோ நிஜமாகவே ஒரு மோட்டார் இருக்கிறது, காட்டிலாகா வைத்திருக்கும், ரிசார்ட்காரன் வைத்திருப்பான். அம்மா மட்டும் பைத்தியம், அது பழைய கதை, அழுது முடித்த கதை. அடங்கவில்லை என்று வை. அப்போது எனக்குக் காதில் கோளாறு, வேலை போகும், நாய்க்காது போகும். போகட்டும், அதைக்கூடச் சமாளிக்கலாம். ஆனால் அம்மாவுக்கும் அதே கோளாறுதான் அப்போது. வெறும் காது. புத்தியில் ஒன்றுமே இல்லை, ஒருநாளும் ஒன்றும் இருந்ததில்லை. அப்படியானால் புத்தி தெளியட்டும் என்று அம்மாவைக் கொண்டுபோய் விட்ட அந்தக் கோயிலில் ஒரு மண்டலம், சங்கிலி போடவில்லை, நல்ல கோயில்தான், ஆனால் தினமும் விடிகாலை தலையில் குடம் குடமாகத் தண்ணீர், அந்தத் தண்ணீரெல்லாம் எதற்கு? பகலெல்லாம் தூங்க வைக்கிற அந்த வெள்ளை மாத்திரை எதற்கு? பேத்தியை மடியில் வைத்துக்கொள்ள விடமாட்டேன் என்று மதினி வாங்கி வைத்துக்கொண்டது எதற்கு? பன்னிரண்டு வருஷம் எதற்கு? விரலைக் காதுக்குக் கொண்டு போனால் இரண்டில் ஒன்று நடந்துவிடும், இரண்டில் எதையும் இவளால் வேண்டிக்கொள்ள முடியவில்லை. மாதாவும் கருப்பசாமியும் எவ்வளவு பக்கத்தில் இருந்து என்ன?

அதோடு அந்தச் சாயங்காலம். பீஸ் கட்டைச் சண்டைக்குப் பிறகு இவள் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தாள். ஊரெல்லாம் கரண்டு இல்லாத நேரம், ஒரு ஈ பறந்தாலும் கேட்கும். "கரண்டே இல்ல, மோட்டாரு எப்படிம்மா ஓடும்?" என்று அண்ணன் கத்திக்கொண்டிருந்தான். "டீசலு மோட்டாரா இருக்கும்டா" என்று அம்மா பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தாள். அப்புறம் எல்லோரும் இவளைப் பார்த்தார்கள். வீட்டிலேயே சத்தத்தைப் பற்றிப் படிக்கிறவள் இவள்தானே. அண்ணன், நீயே சொல்லு என்றான். தமயந்தி வாசலில் இறங்கி நின்றாள், கண்ணை மூடினாள், மனசார, உயிரைக் காதில் வைத்துக் கேட்டாள். கோழி அடைகிற சத்தம். தொலைவில் ஒரு டிராக்டர், அதுவும் அணைந்தது. வேறு எதுவும் இல்லை. "ஒண்ணும் கேக்கலம்மா" என்றாள். உண்மையைத்தான் சொன்னாள், எத்தனை தடவை கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள். அம்மா சத்தம் கேட்கிறது என்று சொல்லியிருந்தால் ஒருவேளை காதைச் சோதிக்கத் தோன்றியிருக்கும், அவள் மோட்டார் என்றல்லவா சொன்னாள், ஒச்சப்பன் என்று ஒரு மனிதன் பேரையல்லவா சொன்னாள். அம்மா சண்டை போடவில்லை. "நீ அதுக்குன்னே படிக்கிற பிள்ள. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்றோடு மோட்டாரைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள். எல்லோரும் குணமாகிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

மூன்றாம் தடவையாகப் பதினோராம் வளைவுக்கு வந்தபோது, "இங்கனயே நிறுத்திருண்ணே" என்றாள் தமயந்தி. சொன்னது தானா என்று இருந்தது. லூர்துசாமி ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தார். இறங்கினார்கள். தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் மேகம் மட்டும் இருந்தது, ஆறு அதற்குக் கீழே. கால் சரியாக ஊன்றாமல் மைக் ஸ்டாண்ட் இரண்டு தடவை சரிந்தது. அண்ணே, ஒரு நிமிஷம் ஆடாமல் நிற்க வேண்டும் என்றாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, தோள் துண்டை எடுத்துக் கையில் மடித்துக்கொண்டு, பூசையில் நிற்பதுபோலத் தலையைக் குனிந்து நின்றார். செருப்பை எதற்குக் கழற்றினார் என்று இவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். ஹெட்போனை மாட்டவில்லை. இலையிலிருந்து நீர் சொட்டியது. ஏதோ ஒரு குருவி இரண்டே எழுத்தில் திரும்பத் திரும்பக் கூப்பிட்டது. அடியில் மோட்டார் ஓடியது. மலையில் எங்கிருந்து என்று சொல்ல முடியாமல், இடமும் இல்லாமல் வலமும் இல்லாமல், நிதானமாக, யாரோ போட்டுவிட்டு மறந்துபோய் ஊருக்குப் போய்விட்ட மாதிரி ஓடியது. ஆறாக இருக்கக்கூடாதா, ஆறுதான் இப்படி இரைகிறது என்று இருக்கக்கூடாதா என்று ஆசையாக வந்தது. கை தானாகவே மேலே போனது. மூன்று மாதம் போகாத தூரத்தைப் போய்ச் சேர்ந்தது. விரல்களைக் காதில் வைத்து அழுத்தினாள். சொட்டுச் சத்தம் போனது, குருவி போனது. மோட்டார் கிட்டே வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு அதே அறையில் அதோடு தனியாக நிற்பதுபோல அவ்வளவு கிட்டே. விரலை எடுத்தாள், குருவி வந்தது. வைத்தாள், போனது. மோட்டாருக்கு இவள் விரல் ஒரு பொருட்டே இல்லை. தமயந்தி தடுப்புச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். நிமிடம் முடிந்து எவ்வளவோ நேரம் ஆகியும் லூர்துசாமி குனிந்த தலை நிமிராமல் நின்றுகொண்டிருந்தார். போதும் அண்ணே என்றாள். பிறகு, "அண்ணே, கீழ ஆறு கேக்குதா?" என்று கேட்டாள். அவர் இவளை விநோதமாகப் பார்த்தார். "என்ன மேடம், இந்த எரைச்சல் எரையுது, ஒங்களுக்குக் கேக்கலயா?"

போனில் ஒரே ஒரு கோடு இருந்தது. சாலையில் முன்னும் பின்னும் நடந்து, இரண்டு கோடு காட்டுகிற இடத்தில், ஒரு வேலிக்கல்லைப் பிடித்துக்கொண்டு நின்று ஊருக்குப் போட்டாள். மதினி எடுத்தாள். என்ன இந்நேரத்துல, வேலைக்குப் போகலையா என்றாள். அம்மாவிடம் கொடுங்கள் மதினி என்றாள். டிவி சீரியலில் யாரோ யாரையோ சபித்துக்கொண்டிருந்தார்கள், செருப்பு இழுபடுகிற சத்தம், அப்புறம் மூச்சு. "சொல்லுத்தா" என்றாள் அம்மா. மாத்திரைக் குரல், ஒவ்வொரு சொல்லையும் தண்ணீருக்குள்ளிருந்து எடுக்கிற குரல். இவளுக்கு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றாள் அம்மா. "அம்மா, எனக்கும் கேக்குதும்மா." "என்ன கேக்குது?" "மோட்டாரு." கோடு போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தாள், இருந்தது. "காதப் பொத்துனாலும் கேக்குதும்மா. அது வெளிய இல்ல. காதுக்குள்ளதான் இருக்கு, காதுலதான் கோளாறு. ஒனக்கும் அதுதான். ஒனக்குப் புத்தியில ஒண்ணும் இல்லம்மா, அன்னைக்கும் இல்ல, என்னைக்கும் இல்ல." அம்மா ரொம்ப மெதுவாக, மருமகள் காதில் விழாமல் கேட்பதுபோல, "நெசமாவா?" என்றாள். "நெசமாம்மா." அடுத்த நொடி போனை விட்டு வாயை எடுத்துக்கொண்டு அம்மா கத்தினாள். பன்னிரண்டு வருஷமாகத் தமயந்தி கேட்காத குரல், சந்தைக்குப் போய் விலை பேசுகிற குரல். "ஏலே மகேந்திரா! இங்க வாடா! எல்லாரும் வாங்க! அவளுக்கும் கேக்குதாம்டா! மோட்டாரு கேக்குதாம்! நாஞ் சொன்னேன்ல? படிச்சுப் படிச்சுச் சொன்னேனேடா, ஒருத்தராச்சும் நம்புனீகளா? இந்தா, அவளே சொல்றா கேளு, அவளுக்கும்..." அங்கே நின்றது. டிவியை யாரோ அணைத்தார்கள். அணைத்ததும் அம்மாவின் மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது, முதலில் வேகமாக, அப்புறம் இழுத்து இழுத்து. மறுபடி பேசியபோது வாய் போனுக்கு மிக அருகில் இருந்தது. "ஒனக்கா?" என்றாள். "ஒனக்கு எதுக்குத்தா அது? தூங்க விடாதேத்தா அது. ஒரு நாள் ராத்திரிகூட விடாதே." தமயந்தி, வைத்தியம் இருக்கிறது, நான் பார்த்துக்கொள்கிறேன், உன்னையும் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று என்னென்னவோ சொன்னாள். அம்மா எதையும் காதில் வாங்கவில்லை. "இல்லத்தா. வேணாம். நான் பைத்தியமாவே இருந்துட்டுப் போறேன், எனக்குப் பழகிப்போச்சு. நீ ஒண்ணும் கேக்கலன்னு சொல்லு. அம்மா கேக்கறேன்ல, சொல்லுத்தா. ஒண்ணும் கேக்கலன்னு சொல்லிரு." லூர்துசாமி செருப்பை மாட்டிக்கொண்டு, மைக் ஸ்டாண்டை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் பிடித்தபடி இவளையே பார்த்துக்கொண்டு நின்றார். தமயந்தி அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

"கேக்குதும்மா" என்றாள்.